வட்டமாகப் போட்ட கையெழுத்து

டெல்லியில் காலை பஸ் ஐ.என்.ஏ. மார்க்கெட்டைத் தாண்டியதும் முன் இருக்கையில் தமிழ் கேட்டது. இரண்டு நர்ஸுகள். இளையவள் சொன்னதைக் கேட்டு நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

“வட்டமா கையெழுத்துப் போட்டா முதல் ஆளு யாருன்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?”

“ஆமா. யூனியன் ஆரம்பிக்கிற மனுவாச்சே, நம்ம ஆஸ்பத்திரிக்கு அதுதான் முதல் யூனியன். பயந்தவங்ககூட வட்டமா இருந்ததாலதான் தைரியமா போட்டாங்க. பேப்பர்ல இடமே இல்லாம போச்சே!”

“இப்ப ஒவ்வொருத்தரா பேரை வாபஸ் வாங்கிட்டாங்கக்கா. ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களோன்னு பயம்.”

“மேரி?”

“நேத்தே எழுதிக் குடுத்துட்டா.”

“அச்சா... அப்ப மிச்சம் யாரு?”

“நீங்களும் நானும்தான்.”

மூத்தவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

“மேட்ரன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்கக்கா, யாரு ஆரம்பிச்சதுன்னு.”

“நீ என்ன சொன்ன?”

இளையவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நான் இங்கேயே இறங்கிக்கிறேன்க்கா.”

“ஆஸ்பத்திரிக்கு இன்னும் மூணு ஸ்டாப் இருக்கேடி!”