ஜெகதீஷ் வண்டியின் ஆயில் அளவு குறித்துச் சந்திரவல்லி சொன்னது

பெயர் சந்திரவல்லி. காலஞ்சென்ற சுருளிவேல் மனைவி. வயது அறுபத்தெட்டு. போடிநாயக்கனூரில் குரங்கணி ரோட்டிலிருந்து மேலே ஏறும் கிணற்றுத் தெருவில் கடைசி வீடு. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். ஏலக்காய்க் குடோனில் காய் தரம் பிரிக்கும் வேலை செய்கிறேன். இந்த வயதிலும் பச்சைக்காயையும் வெளுத்த காயையும் கண்ணாடி போடாமல் பிரிப்பேன். கண்ணில் குறை எதுவும் இல்லை.

புகார் கொடுத்துள்ள ஜெகதீஷ் என் மகனுடைய மகன். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் சிறு வயதிலிருந்து அவனை நான்தான் வளர்த்தேன். சொந்தமாகக் கார் வாங்கி, டூரிஸ்டுகளை மூணாறுக்கு ஏற்றிப் போய் வருகிறான். எங்கள் தெருவில் சொந்தக் கார் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். நானும் அவனும் ஒரே வீட்டில் குடியிருந்து வந்தோம். இப்போது நான் தனியாக இருக்கிறேன்.

சென்ற திங்கட்கிழமை ஜெகதீஷ் தன் காரை ஆயில் மாற்றுவதற்காக மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள பேச்சிமுத்துவின் ஒர்க்ஷாப்பில் விட்டான். அவனுக்கு அன்று வேறொருவர் வண்டியில் தேனிக்குச் சவாரி இருந்தபடியால் என்னைக் கூப்பிட்டு, "அப்பத்தா, நீ போயி ஒக்காந்து பாரு. சீல் ஒடைக்காத டின்னுதான் ஊத்துறானான்னு பாக்கணும். நீதான் எனக்குக் கண்ணு" என்று சொன்னான். அதன் பேரில் நான் குடோனுக்குப் போகாமல் ஒர்க்ஷாப்புக்குப் போய், காருக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பேச்சிமுத்து என்னைப் பார்த்து, "என்ன ஆத்தா, ஒம்பேரன் காவலுக்கு வச்சிட்டுப் போயிட்டானாக்கும்?" என்று கேட்டார். நான், "ஒஞ்சோலியப் பாருப்பா, நான் எஞ்சோலியப் பாக்குறேன்" என்று சொன்னேன். அதன் பிறகு அவர் பழைய ஆயிலை அடியில் திறந்துவிட்டு, கடைசிச் சொட்டு வரை வடியவிட்டு, பில்டரை மாற்றி, புது டின்னின் சீலை என் முன்னால் உடைத்து ஊற்றினார். பிறகு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். நிறுத்தியவுடன் அளவு பார்க்கவில்லை. எதிர்க்கடையிலிருந்து இரண்டு டீ வரவழைத்து, ஒன்றை என்னிடம் கொடுத்து, "லஞ்சமின்னு ஒம்பேரங்கிட்டச் சொல்லிராத ஆத்தா. மேல ஏறுன ஆயிலு கீழ எறங்கி வரணும்ல, அதுவரைக்கும் சும்மாதான இருக்கோம்" என்றார். டீயை நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து குடித்தேன். ஒர்க்ஷாப்பை விட்டு ஒரு தடவைகூட வெளியே போகவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்கிறேன்.

டீ குடித்து முடித்த பிறகு பேச்சிமுத்து இன்ஜினுக்குள் இருக்கும் ஆயில் கேஜ் கம்பியை இழுத்து, துணியால் சுத்தமாகத் துடைத்து, மறுபடியும் அடிவரைக்கும் சொருகி எடுத்து என்னிடம் காட்டினார். கம்பியில் கீழே ஒரு கோடும் மேலே ஒரு கோடும் இருந்தன. ஆயில் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. வண்டி நின்ற இடம் சிமெண்டுத் தளம், சமமான தளம்.

சாயங்காலம் ஜெகதீஷ் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான். "கண்ணால பாத்தியா?" என்று கேட்டான். பார்த்தேன் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் வண்டியின் மூஞ்சி மேட்டுப்பக்கம் இருக்கும்படி நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

போடிமெட்டு மலை ஏறுவதற்கு முன்னால் தண்ணீரும் ஆயிலும் பார்ப்பது மலை வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதன்படி மறுநாள் காலையில் ஜெகதீஷும் வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, நிறுத்திய கையோடு கம்பியை இழுத்துப் பார்த்தான். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நின்றது. அவன் சத்தம் போட்டான். நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் பொறுத்துப் பாரு அப்பு, அவன் டீ குடிச்சிட்டுத்தான் பாத்தான்" என்று சொன்னேன். அதற்கு அவன், "டீய வாங்கிக் குடுத்து ஒன்னய ஏமாத்திட்டான் அப்பத்தா. லாட்ஜில ஆளு காத்துக்கிட்டிருக்கு, நீ சும்மா இரு" என்று சொல்லி, டிக்கியில் வைத்திருந்த டின்னை எடுத்து ஊற்றினான். மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் ஊற்றினான். கம்பியில் மேல்கோடு வரும் வரைக்கும் ஊற்றினான். அதன் பிறகு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனான். சாப்பிடவில்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டி புகை கக்கி, இன்ஜின் நின்றுபோனதாகவும், சவாரி வந்தவர்கள் வேறு ஜீப்பில் ஏறிப் போய்விட்டதாகவும் ஜெகதீஷ் எனக்குப் போனில் சொன்னான். அதன் பிறகு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து இந்தப் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் நிறுத்தினார்கள். பேச்சிமுத்து ஆயிலைக் குறைத்து ஊற்றி, மீதியைத் திருடிவிட்டதாக ஜெகதீஷ் புகார் கொடுத்தான். பேச்சிமுத்துவை விசாரணைக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். ஒர்க்ஷாப் பூட்டிக்கிடக்கிறது. அவர் மனைவி தேவி, பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை நான் குடோனுக்குப் போகும்போது பார்த்தேன்.

நேற்று இதே வளாகத்தில் வேறொரு மெக்கானிக்கை வைத்து, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் கம்பியை இழுத்துப் பார்த்தார்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி வெகு மேலே ஏறி நின்றது. ஆயில் அளவுக்கு மீறினாலும் வண்டி புகை கக்கி நின்றுபோகும் என்று அந்த மெக்கானிக் சொன்னார். இங்கே தரை சமமாக இருக்கிறது. எங்கள் தெரு சரிவு. என் வீட்டுக் கட்டில் சமமாக நிற்பதற்காகக் கால்மாட்டுப் பக்கம் இரண்டு கால்களுக்கும் செங்கல் வைத்திருக்கிறது. என் வீட்டுக்காரர் வைத்தது. வேண்டுமானால் அய்யா வந்து பார்க்கலாம். அந்தத் தெருவிலேயே நடந்து பழகினவர்களுக்கு அது சரிவாகத் தெரியாது. ஜெகதீஷுக்குத் தெரியவில்லை. அன்று காலையில் எனக்கும் தோன்றவில்லை. மூஞ்சி மேலே தூக்கி நின்ற வண்டியில் ஆயில் பின்பக்கம் போய்விட்டது. கம்பி முன்பக்கம் இருக்கிறது. அது குறைத்துக் காட்டியதை நம்பி அவன் கூடுதலாக ஊற்றிவிட்டான்.

நேற்றுச் சாயங்காலம் ஜெகதீஷ் வீட்டுக்கு வந்து, "டீ குடிக்க வெளிய போயிட்டேன், ஊத்துனதப் பாக்கலன்னு மட்டும் சொல்லு அப்பத்தா. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று கேட்டுக்கொண்டான். "நாந்தானப்பு ஒனக்குக் கண்ணு" என்று நான் சொன்னேன். அவன், "அப்படின்னா அந்தப் பேச்சிமுத்துவயே பேரனா வச்சிக்க" என்று சொல்லி, துணிமணிகளைப் பையில் எடுத்துக்கொண்டு தேவாரத்தில் உள்ள அவன் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டான். உலையில் அவனுக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டிருந்தேன்.

பேச்சிமுத்து அளவாகத்தான் ஊற்றினார். அதே சமயம் என் பேரன் பொய்ப் புகார் கொடுத்தான் என்று யாரும் எழுத வேண்டாம். கம்பியில் கண்டதைத்தான் அவன் சொன்னான். அவசரப்பட்டான், அவ்வளவுதான். வண்டிக்கு வைக்கும் கல் வாசலில் அவன் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. கோலம் போடும்போது அதை விட்டுவிட்டுப் போடுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இதை வாங்கி, எழுத்துக் கூட்டி நானே படித்துப் பார்த்தேன். கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் தவிர இதில் வேறில்லை. கைநாட்டுக்கு மை கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) சு. சந்திரவல்லி

உடன் வந்தவர்: யாரும் இல்லை.