கடலை போடாத தோசை

சிவகங்கையிலிருந்து காரைக்குடி போகும் பேருந்தில், தூங்கும் மகளை மடியில் போட்டிருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் அலுத்துப்போன குரலில் சொன்னாள்: "கடலெண்ணெய் கடலையில சேராதாம்க்கா."

"யாரு சொன்னா?"

"காரைக்குடி செக்காலைத் தெருவுல ஒரு ஓட்டல் சர்வர் அண்ணன். இவளுக்குக் கடலை ஒத்துக்காது, மூச்சு அடைச்சுரும்னு மூணு தடவ சொன்னேன். சட்னிய மாத்திக் கொண்டாந்தாரு. தோசைய மட்டும் செக்குல ஆட்டுன கடலெண்ணெயில சுட்டுருக்காக."

"அடி ஆத்தி! பெறகு?"

"உதடு வீங்கிருச்சு, மூச்சு இழுத்துச்சு. அந்த சர்வர் அண்ணன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாரு. மறுநா இவளப் பாக்க வந்தாரு, கையில முறுக்கோட. 'கடலையே சேக்கலம்மா, எங்க வீட்ல சுட்டது'ங்குறாரு."

"எந்த எண்ணெயின்னு கேட்டியா?"

"அழுதுகிட்டு நிக்கிற மனுசன்கிட்ட எப்படிக்கா கேக்குறது? வாங்கி வச்சுக்கிட்டு, அவரு போனதும் நர்ஸுக்குக் குடுத்துட்டேன்."