சார்ஜ் நிற்காத போன்

புதிதாக அப்டேட் போட்ட போன் முதல் இரண்டு நாள் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், அதற்காக யாரும் பதற வேண்டாம். கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. உள்ளே இருக்கிற படம், பாட்டு, எண்கள் எல்லாவற்றையும் அது புதிதாக அடுக்கிக்கொண்டிருக்கும். வீடு மாறினால் நமக்கும் இரண்டு நாள் உடம்பு வலிக்கத்தானே செய்கிறது. பதினெட்டு வருடமாக போன் பழுது பார்க்கிறேன். நீங்கள் தாள் கொடுத்து, உங்களுக்குத் தோன்றுகிற இடத்திலிருந்து எழுதுங்கள் என்றீர்கள். எனக்குத் தொழிலிலிருந்துதான் தோன்றுகிறது.

இந்த முறை வந்த அப்டேட் கொஞ்சம் மோசம்தான். ஐந்து வாரம் ஆகியும் எந்தப் போனிலும் சார்ஜ் நிற்கவில்லை. காலையில் நூறு போட்டுக்கொண்டு கிளம்பினால் மதியத்துக்குள் முப்பதுக்கு வந்துவிடும். பத்துக்குக் கீழே போய்விட்டால் காட்டுகிற எண்ணை நம்பவே முடியாது. ஆறு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும். கடை வாசலில் கூட்டமான கூட்டம்.

"பேட்டரிய மாத்திட்டா சரியாயிடுமா?" என்று கேட்பார்கள்.

"உங்க பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த அப்டேட் வர்ற வரைக்கும் பொறுத்துக்குங்க."

எதிர்க்கடையில் அந்த ஐந்து வாரமும் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரி மாற்றினார்கள். நான் வருகிறவர்களை அப்படியே திருப்பி அனுப்பினேன். என்னைப் பற்றி யாராவது விசாரித்தால் இதையும் சொல்லுங்கள். அந்தச் சமயத்தில் நான் பேட்டரி மாற்றிக் கொடுத்தது ஒரே ஒருவருக்குத்தான். என் தங்கைக்கு.

எனக்கும் அவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஒன்பது. அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், ஆஸ்துமா வந்து நெஞ்சு இழுக்கும்போது இன்ஹேலரை வாயில் வைத்து எண்ணச் சொன்னதும் நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்காகத் தியாகம் செய்தவன் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். உண்மையில் யாரும் பெண் கொடுக்க முன்வரவில்லை. தியாகம் என்பது காதுக்கு நன்றாக இருந்ததால் நான் மறுத்துப் பேசவில்லை.

அவள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். என் கடையிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். அப்டேட் வந்து இரண்டு வாரம் இருக்கும், ஒரு நாள் போனைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

"அண்ணா, எனக்கும் சார்ஜ் நிக்க மாட்டேங்குது."

"ஊருக்கே நிக்கல. உனக்கு மட்டும் நின்னுடுமா?"

"அது சரி. ஆனா ஆபீஸ்ல மத்தவங்களுக்கெல்லாம் மத்தியானம் முப்பது இருக்கு. எனக்குப் பத்துதான் இருக்கு. அந்த இருபது எங்க போகுது?"

சின்ன வயதிலிருந்தே கணக்கில் கெட்டி. அவள் கேட்டது சரியான கேள்வி. அந்த இருபது சதவீதம் என்னிடம் வந்துகொண்டிருந்தது.

அப்டேட் போட்டுத் தருகிறேன் என்று அவள் போனை வாங்கிய அன்றே அதில் இன்னொன்றையும் ஏற்றியிருந்தேன். போன் இருக்கிற இடத்தில் யார் என்ன பேசினாலும் என் காதுக்கு வந்துசேரும். அவள் போனில் என்ன செய்கிறாள், எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதும் என் திரையில் தெரியும். அவள் திரையில் எந்த அடையாளமும் இருக்காது. அதில் ஒரே குறை, பேட்டரியைக் குடித்துவிடும். மற்ற நேரமாக இருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இப்போது எல்லோரும் அப்டேட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்த வசதி எனக்குக் கிடைத்தது.

அவள் போனில் புது பேட்டரி போட்டேன், ஒரிஜினல். இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம் என்பதுதான் காரணம். வெளிச்சத்தைக் குறை, பாட்டுக் கேட்காதே, தேவையில்லாததை எல்லாம் மூடிவை என்று சொல்லியும் அனுப்பினேன். அவள் எல்லாவற்றையும் செய்தாள். பஸ்ஸில் பாட்டுக் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டாள். சார்ஜ் மிச்சம் பிடிக்கிறேன் என்று அவள் மிச்சம் பிடித்ததெல்லாம் எனக்குத்தான் வந்தது.

ஏன் கேட்டேன் என்றால், அவள் கொஞ்ச நாளாக அரை மணி நேரம் தாமதமாக வந்துகொண்டிருந்தாள். ஆபீசில் அவளுக்குப் பக்கத்து மேஜையில் ஒருவர் இருக்கிறார். உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் அவரை இரண்டு நாள் இங்கே வைத்திருந்தீர்கள். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார், அதனால் நான் அவரைக் கண்ணாடி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அவர் ஏதாவது சொல்வார், இவள் சிரிப்பாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஐந்து வாரத்தில் அவர்கள் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. "டீக்குப் போலாமா", "அந்த ஃபைல் எங்க", "மேனேஜர் இன்னிக்கு யார் மேல பாய்வார்" இதுதான் பேச்சு. மீதி நேரம் ஃபேன் சத்தம். அவளுக்குத் தனியாகப் பேசிக்கொள்கிற பழக்கம் உண்டு, அதுவும் கேட்கும்.

இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். சார்ஜ் தீர்ந்தால் ஆள் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. போன் அணைந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் மறுபடியும் ஐந்தரைக்கே வரத் தொடங்கினாள். அவள் ஒரு பவர் பேங்க் வாங்கி வந்தாள். "மட்டமான சாமான், பைக்குள்ளயே வெடிச்சிடும்" என்று வாங்கிக் கடை டிராயரில் போட்டுவிட்டேன். நல்ல பவர் பேங்க்தான் அது.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை அவள் கண்ணாடியிடம் சொன்னாள்:

"டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு. அடுத்த மாசம் போய்ச் சேரணும். அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. பாவம், தனியா என்ன பண்ணுவாரு?"

"நேரா சொல்லிடுங்க. அவரென்ன சின்னக் குழந்தையா?"

"உங்களுக்குத் தெரியாது. நான் வீட்டுக்குள்ள வந்தாத்தான் அவரு லைட்டே போடுவாரு."

அன்று வீட்டில் அவள் வருவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டு வைத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, டிரான்ஸ்ஃபரைப் பற்றியும் சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. தலை பின்னிவிட்டவனிடம் சொல்ல முடியாததை நேற்று வந்தவனிடம் சொல்கிறாளே என்று எரிந்தது.

சனிக்கிழமை அலுவலகம் அரை நாள். அதன்பின் மூன்று நாள் விடுமுறை, புதன்கிழமைதான் திறப்பார்கள். கீழ்த்தளத்தில் பழைய ஃபைல்கள் வைக்கிற அறை இருக்கிறது. இரும்புக் கதவு. ஒரு மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு, எடுத்த ஃபைலைத் திருப்பி வைத்துவிட்டுப் போகலாம் என்று அவள் கீழே இறங்கியிருக்கிறாள். நாளைக்கு என்று தள்ளிப் போடத் தெரியாது அவளுக்கு. பையை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், இன்ஹேலர் பைக்குள் இருந்தது. காவலாளி வாசலில் நின்று "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுத்தாராம். அவள் கடைசி அடுக்குக்குப் பின்னால் இருந்திருக்கிறாள். அவர் பூட்டிவிட்டு, வழக்கம்போல் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனார். அந்த மனிதரை ஒன்றும் செய்யாதீர்கள், நாளும் செய்கிற வேலையைத்தான் அன்றும் செய்தார்.

நான் அன்று மாலை ஆறு மணிக்கு இங்கே வந்து தங்கையைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் கண்ணாடியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள் என்று எழுதினேன். கண்ணாடி உங்களிடம், ஆபீசில் பாருங்கள், ஆபீசில் பாருங்கள் என்று கத்திக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவளை ஆபீசில் ஏன் தேட வேண்டும்? ஒரு தடவை அவர் என்னைப் பார்த்து, "சார், நீங்களாவது சொல்லுங்க சார்" என்றார். நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை கதவைத் திறந்தார்கள். அவள் கதவை ஒட்டியே இருந்தாள். உட்புறம் பெயின்ட் உரிந்திருந்தது. ஞாயிறு காலை வரைக்கும் உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். டாக்டர்கள் தோராயமாகத்தான் சொல்வார்கள்.

போன் அணைந்துபோய்க் கிடந்தது. சார்ஜ் மட்டும் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். செய்தியில்கூட அந்த அப்டேட்டைப் பற்றித்தான் வந்தது. நானும் அதைத்தான் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் நீங்கள் போன் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வாங்கி வைத்திருக்கிறீர்கள். சனிக்கிழமை ஒன்று பன்னிரண்டிலிருந்து ஒன்று இருபத்தாறு வரை அவள் என்னை நான்கு தடவை அழைத்திருக்கிறாள், நான்கு தடவையும் என் போன் பிஸி. அந்தப் பதினான்கு நிமிடம் யாருடன் பேசினாய் என்று நேற்று முழுக்கக் கேட்டீர்கள். நான் யாருடனும் பேசவில்லை. அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கை போனை நான் கேட்கிற நேரம் முழுவதும் என் போன் ஒரு அழைப்பில் இருப்பதாகவே ஆகிவிடும். நடுவில் வேறு யாராவது கூப்பிட்டால் பீப் பீப் என்று வந்து பேச்சு விட்டுப்போகிறது என்பதால் அந்த கால் வெயிட்டிங் வசதியையும் நிறுத்தி வைத்திருந்தேன். அதனால் யார் அழைத்தாலும் பிஸி என்றுதான் வரும்.

கதவு மூடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பூட்டு விழுகிறதும் கேட்டது. அவள் ஓடிவந்து தட்டினாள், கத்தினாள், இருமினாள். அப்போது ஒன்பது சதவீதம். டார்ச்சைப் போட்டாள், எட்டு.

"ஒண்ணும் பயப்படாத. அண்ணன் இங்கதான பக்கத்துல இருக்காரு, பத்து நிமிஷத்துல வந்துடுவாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதல் அழைப்பு எனக்கு. பிஸி.

அப்போதே நான் எழுந்தேன், செருப்பில் காலை நுழைத்தேன். அதுவரை நான் நல்லவன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. போய்க் கதவைத் திறந்தால் அவள் கேட்கப்போகும் முதல் கேள்வி, "உனக்கு எப்படித் தெரியும்?" அவள் கணக்கில் கெட்டி என்று சொன்னேன் அல்லவா? அந்த இருபது சதவீதத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்த்துவிடுவாள். அடுத்த மாதம் போகிறவள் அன்றைக்கே போய்விடுவாள். மறுபடி உட்கார்ந்தேன். கேட்பதை நிறுத்தியிருந்தால் அவளுடைய அடுத்த அழைப்பு எனக்கு வந்திருக்கும், எடுத்துப் பேசி, ஒன்றும் தெரியாதவன்போல ஓடியிருக்கலாம். இதை நீங்கள் சொல்வதற்கு முன்பே நான் யோசித்துவிட்டேன். அப்போதே யோசித்தேன். ஆனால் நான் கிடைக்கவில்லை என்றால் அவள் அடுத்து யாரைக் கூப்பிடுவாள் என்பது தெரிய வேண்டியிருந்தது. ஐந்து வாரமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததே அதற்குத்தான்.

"பிஸியாவே இருக்கே. கடையில கூட்டம்போல. பாவம், இன்னும் சாப்பிட்டுக்கூட இருக்க மாட்டாரு" என்றாள். மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. இரண்டாவது தடவையும் எனக்குத்தான் அடித்தாள். ஏழு.

என் மேஜையில் பழுதுக்கு வந்த பதினேழு போன்கள் கிடந்தன. பாதி நன்றாக வேலை செய்கிறவை. எதையாவது எடுத்து யாருக்காவது சொல்லியிருக்கலாம். கடையில் அப்போது கூட்டமும் இல்லை.

மூன்றாவது தடவை. பிஸி. மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள், ஒன்று, இரண்டு, மூன்று என்று, நான் சொல்லிக்கொடுத்தது போலவே. இனி கண்ணாடியைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவர் எண்ணை எடுத்தால் உடனே என் பக்கத்தை அணைத்துவிட்டு ஓடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் வந்து கதவைத் திறக்க நான் விட்டிருக்க மாட்டேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவை. அப்புறம் போலீசுக்குப் பண்ணிக்கலாம்" என்றாள். நான்காவது தடவையும் எனக்கு அடித்தாள். ஆறு காட்டும், ஆறிலேயே அணைந்துவிடும் என்பது அவளைவிட எனக்குத் தெரியும். ஆறுக்கு வந்தது. அணைந்தது. என் காதில் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

எதிரே ஒருவர் வந்து நின்று, சார்ஜ் நிற்கவில்லை என்றார். அப்டேட்தான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு ஆறு மணிக்கு இங்கே கிளம்பி வரும் வரை கடையில்தான் இருந்தேன். எழுந்து போவதற்கு எத்தனையோ நிமிடங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் போகவிட்டேன். என் தங்கையைக் கொன்றது நான்தான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கண்ணாடியை விட்டுவிட்டதாகச் சொன்னீர்கள், நல்லது. அவரிடம் என் சார்பில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மூச்சு நிற்கப் போகிற நேரத்திலும் அவள் அவரைக் கூப்பிடவில்லை, நான்கு தடவையும் என்னைத்தான் கூப்பிட்டாள், அந்தத் தாளை அவருக்குக் காட்டுங்கள்.