மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி

வாருங்கள், நெருங்கி அமருங்கள். மின்சாரம் வரும்வரை ஓர் அநீதிக்குச் சாட்சியாக இருங்கள். கத்தி எடுக்காமல், கை ஓங்காமல், ஒரு கட்டடமே கூடி ஒரு மனிதரைக் கொன்ற கதை இது. என் நண்பரின் அக்காவுக்கு நேர்ந்தது.

இரவு பதினொரு மணி. தெருவில் ஈ காக்கை இல்லை. மருந்துக்கடைக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, அக்கா தனியாக நடந்து வருகிறார். செருப்புச் சத்தம் மட்டும் கூடவே வருகிறது... சரக், சரக்.

அவர் வீடு ஐந்தாம் மாடி. பத்திரம் அவர் பெயரில். ஆனால் அந்த வீட்டை அடையும் படிக்கட்டும் லிப்டும் பொது. பொது என்றால் உரிமையாளர் சங்கம். சங்கம் என்றால் செயலாளர். சங்கம் ஒரு தீர்மானம் போட்டுவிட்டால், சொந்த வீட்டுக்காரர் ஆனாலும் கட்டுப்பட்டே ஆகவேண்டும். அப்படி ஒரு தீர்மானத்தால்தான் லிப்ட் பத்து மணிக்கே பூட்டிக் கிடந்தது.

அதற்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். செயலாளரின் படுக்கையறை லிப்டை ஒட்டியிருந்தது. அதன் உறுமல் அவர் தூக்கத்தைக் கெடுத்ததாம்!

அந்தத் தீர்மானம் போட்ட சங்கக் கூட்டத்தில் அக்காவும் இருந்தார். "ராத்திரி பத்து மணிக்கு மேல லிப்ட் வேண்டாம். படிக்கட்டுல பொருள் வைக்கவும் கூடாது. எல்லாரும் நம்ம ஆளுங்கதானே... ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க" என்றார் செயலாளர். அக்காவின் எதிர்வீட்டில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடிகாரக்காரர் ஒருவர் இருந்தார்; அன்று அவர் வரவில்லை. நெஞ்சுவலிக்காரர். லிப்ட் அடிக்கடி பழுதாகி நிற்பதால், மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இளைப்பாறி ஏறுகிறவர். "அஞ்சாவது மாடியில வீடு வாங்கினேன், பாதி வழியிலேயே குடித்தனம் நடத்துறேன்மா" என்று சிரிப்பவர். அவரை நினைத்து அக்கா வாயைத் திறக்கத்தான் போனார். ஆனால் தம் பால்கனிக்குக் கம்பி அடைக்கச் சங்கத்தின் அனுமதி வரவேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு வண்டி நிறுத்தும் இடம். பின்னால் இருந்தவருக்கு நாய் வளர்க்கும் அனுமதி. ஆளுக்கொரு சின்னக் காரியம், ஆளுக்கொரு மௌனம்.

"ஆட்சேபம் இல்லையா? சரி, ஒருமனதா நிறைவேறிடுச்சு. வாங்க, டீ ஆறிடும்."

மறுநாளே நாற்காலியை எடுத்துப் போனார்கள். அந்த மாதமே ஓர் இரவு, மூச்சு முட்டி, தனியாகப் படியில் இறங்கிய கடிகாரக்காரர் மூன்றாம் மாடித் திருப்பத்தைத் தாண்டவில்லை. காலையில் பால் போட வந்தவர்தான் உடலைப் பார்த்தார். அக்காவின் பால்கனிக்கு அனுமதி வந்தது. கம்பியும் அடைத்தாயிற்று. அவருக்கு அழுகை வரவில்லை.

இப்போது முதலில் சொன்ன அந்தப் பதினொரு மணி இரவுக்கு வாருங்கள். அக்கா படியேறுகிறார். முதல் மாடி. இரண்டாம் மாடி. திடீரென்று தைல வாடை... மூக்கை அரிக்கும் அந்தத் தைலத்தைக் கடிகாரக்காரருக்குக் கடையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தவரே அக்காதான். பிறகு தரையில் பிளாஸ்டிக் கால் உரசும் ஒலி. கிரீச்... பிறகு மூச்சு. இழுத்து, நின்று, இழுத்து.

திருப்பத்தில் ஒன்றுமில்லை. வெறும் தரை, வெறும் சுவர். ஆனால் காதோரம் ஒரு குரல், களைத்துப்போய், மரியாதையாகக் கேட்டது:

"ஆட்சேபம் இருந்தா சொல்லும்மா..."

'உண்டு' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு புரளவில்லை. ஊசி போட்ட ஈறு போல மரத்துக் கிடந்தது. அவர் பயப்படவில்லை என்பதுதான் பயங்கரம்! தலையைக் குனிந்துகொண்டு மேலே ஏறிப்போனார். அன்று மட்டுமல்ல, அதன்பின் ஒவ்வோர் இரவும். குரல் கேட்கும், இவர் கடந்து போவார்... எதிர்வீட்டுக் கதவைக் கடப்பது போல.

அடுத்த ஆண்டு அக்காவின் கணவருக்கு நெஞ்சைப் பிளந்து அறுவைச் சிகிச்சை. அவர் படியேறவே கூடாது என்றார் மருத்துவர். அந்த வாரமே ஆண்டுக் கூட்டம். லிப்ட் விதி மறுபடியும் வந்தது. இம்முறை கேட்டே தீருவது என்று அக்கா முன்வரிசையில் அமர்ந்தார்.

"பழைய விதியே தொடரட்டும். ஆட்சேபம் உண்டா?"

அக்கா எழுந்தார். வாய் திறந்தது. காற்றுதான் வந்தது. திரும்பிப் பார்த்தார்... அரங்கம் முழுவதும் பார்வையைத் தரையில் நட்டிருந்தது. பின்வரிசைக்குப் பின்னால், யாருமில்லாத இடத்திலிருந்து, மூச்சு மட்டும் இழுத்து, நின்று, இழுத்து...

"டீதான் வருது, உக்காருங்க மேடம். ஒருமனதா நிறைவேறிடுச்சு" என்றார் செயலாளர். எல்லாரும் சிரித்தார்கள்.

மருத்துவமனையிலிருந்து கணவரை அனுப்பும்போதே இரவாகிவிட்டது. வீட்டு வாசலில் வண்டி நின்றபோது லிப்ட் பூட்டியிருந்தது. அக்கா செயலாளரைத் தொலைபேசியில் எழுப்பினார்.

"ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும் மேடம். விதி நான் மட்டுமா போட்டேன்? நீங்களும்தானே சும்மா இருந்தீங்க?"

தொடர்பு அறுந்தது. மறுபடியும் அழைத்தார், எடுக்கவில்லை. செயலாளரின் கதவைத் தட்டினார், திறக்கவில்லை. மற்றக் கதவுகளுக்குப் பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"விடு, மெதுவா ஏறிடலாம். நான் என்ன மூட்டையா, தூக்கிட்டுப் போக?" என்றார் கணவர். அக்காவின் தோளைப் பிடித்து ஏறினார். முதல் மாடி. இரண்டாம் மாடி. தைல வாடை... கணவரின் நெற்றியில் வியர்வை.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவர் நின்றார். முகத்தில் ஒரு நிம்மதி.

"அப்பாடா... நல்லவேளை, யாரோ நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க. கொஞ்சம் உக்காந்துக்கிறேன்."

அவர் உட்கார்ந்தார். முதுகு சாய்ந்தது. கைகள் இரு பக்கமும் அமைதியாகத் தங்கின. கண்கள் மூடின. அவருக்குக் கீழே வெறும் காற்று.

அக்கா கத்த முயன்றார்... காற்றுதான் வந்தது.

தோழர்களே, நாளைக் காலை நம் சங்கக் கூட்டம். ஆட்சேபம் உண்டா என்று நம்மையும் கேட்பார்கள். அதற்கு முன், இந்த இருட்டிலேயே, ஒவ்வொருவரும் வாய்விட்டு ஒருமுறை சொல்லுங்கள்: "உண்டு!"

சொல்லுங்கள்... ஏன் யாரும் பேசவில்லை?