எஞ்சினின் அடியில் நான் துடைத்த தேதி

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவற்றை முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்தாறு. திருமணம் ஆகவில்லை. டிரை கிளீனிங் கடை ஒன்றில் முப்பத்தோரு வருடமாகக் கறை எடுக்கும் வேலை பார்க்கிறேன். கடையில் எல்லோரும் என்னைக் கறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் நானும் என் தம்பியும் குடியிருக்கிறோம். இதற்கு முன் எந்த வழக்கிலும் என் பெயர் வந்ததில்லை. இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ்காரர் தொடக்கத்தில் "பொம்மை" என்று எழுதினார். அது பொம்மை இல்லை, எஞ்சின் என்று சொல்லித் திருத்தச் சொன்னேன். திருத்திவிட்டார்.

என் தம்பிக்கு வயது நாற்பத்தொன்பது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "வீட்ல ஏற்கெனவே ஒருத்தி திட்டுறா, போதும்" என்பான். சம்பாத்தியத்தில் சாப்பாட்டுக்குக் கொடுத்தது போக மீதியில் சின்ன ரயில் எஞ்சின்களும் பெட்டிகளும் வாங்கிச் சேர்த்தான். தன் அறையில் சுவரை ஒட்டிப் பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம் போட்டிருந்தான். மொத்தம் இருபத்து மூன்று எஞ்சின்கள். புது எஞ்சின் வாங்கினால் என்னைக் கூப்பிடுவான். நான் கைவேலையை விட்டுவிட்டுப் போய் நின்று "கிளம்பலாம்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் சுவிட்சைப் போடுவான். தடம் புரளாமல் ஒரு சுற்று முடித்துவிட்டால், எஞ்சினைப் புரட்டி, அடித்தகட்டில் அன்றைய தேதியை மார்க்கர் பேனாவால் எழுதுவான். புரண்டுவிட்டால் எழுத மாட்டான், அன்றைக்குச் சாப்பாடும் சரியாக இறங்காது. நானும் எத்தனையோ தடவை அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று முனகியிருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூடப் போகாமல் இருந்ததில்லை.

அதில் பச்சை நிற நீராவி எஞ்சின் ஒன்று உண்டு. ஒரு சாண் நீளம். முதல் சம்பளத்தில் வாங்கியது. அதன் அட்டைப்பெட்டி, உள்ளே எஞ்சின் உருவத்துக்கு வெட்டிய பஞ்சுப்பலகை எல்லாம் அப்படியே வைத்திருந்தான். தூசி தட்டக்கூட என்னை விட மாட்டான்.

பதினான்கு மாதங்களுக்கு முன், வேலையிடத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. சொல்வது எல்லாம் அவனுக்குப் புரிகிறது, பதில் வாயில் வரவில்லை. ஐந்து மாதம் கழித்துப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவரை ஏற்பாடு செய்தேன். வாரம் மூன்று நாள் வீட்டுக்கே வந்தார். படம் போட்ட அட்டைகளைக் காட்டிச் சொல்லச் சொல்வார். முதல் இரண்டு மாதம் வெறும் காற்றுதான் வந்தது. அதன் பிறகு "தண்ணி" வந்தது. அடுத்து "போதும்" வந்தது. அந்த அம்மா அட்டைக்கட்டை எடுத்தவுடனே "போதும்" என்பான், மூவரும் சிரிப்போம். என்னைக் கூப்பிட "அ" என்கிற வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் நாற்பது தடவை விடாமல் செய்தால் முழுச்சொல்லும் வரும், நடுவில் நிறுத்தினால் இருப்பதும் போய்விடும் என்று அந்த அம்மா சொன்னார். வாயையும் வயிற்றையும் கட்டினால்தான் என் சம்பளம் வாடகைக்கும் மருந்துக்குமே போதும் என்று இருந்தது.

அதன் பிறகு, கடையில் பில் போடும் தோழி சொல்லி, பழைய சாமான்களை ஏலத்தில் விற்கும் இணையதளம் ஒன்றில் என் கைபேசி மூலம் கணக்குத் தொடங்கினேன். முதலில் இரண்டு சரக்குப் பெட்டிகளைத் தம்பியிடம் காட்டி "விக்கலாமாடா?" என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். அவை இரண்டும் எந்தத் தொல்லையும் இல்லாமல் விற்றன. வாங்கியவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டு, நல்ல மனுஷி என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்த தொகை ஆறு தடவைப் பயிற்சிக்குத்தான் ஆனது. தளத்தில் தேடிப் பார்த்தபோது, பச்சை எஞ்சின் ஒன்று மட்டும் போனால் நாற்பது தடவைக்கும் ஆகும் என்று தெரிந்தது.

பச்சை எஞ்சினைப் பற்றி நான் தம்பியிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பான் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. வேறு காரணம் சொல்ல விரும்பவில்லை. எண்ணெய் போடக் கொடுக்கிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனேன். அவன் நம்பினான்.

எஞ்சினை நான் வேலை செய்யும் மேசையில் வைத்துத்தான் படம் எடுத்தேன். அடித்தகட்டையும் படம் எடுத்துப் போட வேண்டும் என்று தளத்தில் விதி இருந்தது. புரட்டியபோது தேதி தெரிந்தது. கறுப்புத் தகட்டில் வெள்ளை மார்க்கர், அவன் கையெழுத்து, ஒன்றை நெட்டையாகவும் ஏழைச் சாய்த்தும் எழுதுவான். வாங்குகிறவர்கள் சுத்தமான பொருளைத்தான் விரும்புவார்கள் என்று நினைத்தேன். முப்பத்தோரு வருடமாக, கண்ணில் படுகிற எந்தக் கறையையும் நான் அப்படியே விட்டுத் திருப்பிக் கொடுத்தது கிடையாது. மை எடுக்கும் மருந்தைப் பஞ்சில் தொட்டு, வெளி ஓரத்திலிருந்து உள்ளே வளையமாகத் துடைத்தேன். உள்ளிருந்து வெளியே துடைத்தால் கறை பரவும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகுதான் படம் எடுத்தேன். படத்தில் தகடு பளிச்சென்று இருந்தது. எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

ஏலம் ஏழு நாள் நடந்தது. இந்த வழக்கின் புகார்தாரரான பழைய சாமான் கடைக்காரர்தான் கடைசி விலை கேட்டவர். அவர் கடை வைத்திருப்பவர் என்று அப்போது எனக்குத் தெரியாது. பெட்டியை நானே கட்டி, கூரியரில் அனுப்பினேன். கட்டும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள், பொருள் விவரத்தில் சொன்னபடி இல்லை, பெட்டியை மாட்டும் கொக்கி உடைந்திருக்கிறது, போலி மாதிரி தெரிகிறது, திருப்பி அனுப்புகிறேன் என்று அவர் தளத்தில் புகார் போட்டார். நான் பதில் எழுதுவதற்குள் தளம் அவருக்கு முழுத்தொகையையும் திருப்பிக் கொடுத்து, அதை என் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது.

அதன் பிறகு மூன்றாம் நாள் காலையில் பொட்டலம் வந்தது. அதே அட்டைப்பெட்டி, நான் ஒட்டிய அதே டேப். திறந்தால் பச்சை எஞ்சின், கொக்கி உடைந்திருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. போனது திரும்பி வந்ததே, தம்பிக்குத் தெரியாமலே முடிந்ததே என்று நினைத்தேன். நேராக அவன் அறைக்கு எடுத்துப் போனேன். பயிற்சி அம்மாவும் அப்போது அங்கே இருந்தார். "எண்ணெய் போட்டு வந்துடுச்சு பாரு" என்று சொல்லிக் கட்டிலில் இருந்த தட்டில் வைத்தேன்.

தம்பி இடது கையால் எஞ்சினைத் தூக்கினான். தூக்கியதுமே அவன் முகம் மாறியது. மெதுவாகப் புரட்டினான். கட்டை விரலால் அடித்தகட்டை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் தடவினான். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். மறுபடியும் தடவினான். அதன் பிறகு அதைத் தட்டில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "இல்ல" என்றான்.

அந்தச் சொல் அதற்கு முன் அவனுக்கு வந்ததில்லை. பயிற்சி அம்மா கைதட்டிவிட்டார். "பாத்தீங்களா, புதுச் சொல்லு! எவ்வளவு தெளிவா வருது!" என்றார். நான் சிரிப்பதா, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதன் பிறகுதான் நான் எஞ்சினை எடுத்துப்போய்ப் பஞ்சுப்பலகையில் வைத்துப் பார்த்தேன். விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அடித்தகடு பிளாஸ்டிக். அசலில் அது இரும்பு. கடைகளில் கிடைக்கிற மலிவுச் சாமான் ஒன்றை வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எடுத்தவுடன் கனத்திலேயே தம்பி கண்டுபிடித்ததை, மருந்து போட்டுத் துடைத்த நான் கண்டுபிடிக்கவில்லை.

தளத்துக்குப் பதினொரு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்று பதில் வந்தது. ஒன்பதாவது முறை, அனுப்பியதும் வந்ததும் வேறு வேறு பொருள் என்பதற்கு அடையாளம் ஏதாவது, எழுத்து, எண், கீறல், இருந்தால் படம் அனுப்பவும் என்று கேட்டார்கள். நான் அனுப்பிய படத்தில் எழுத்து இல்லை, எண் இல்லை, கீறல் இல்லை. அத்துடன் என் புகாரை முடித்துவிட்டார்கள்.

இதற்கிடையில் தம்பி பயிற்சிக்கு வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டான். அந்த அம்மா அடுத்த வாரமும் காசு வாங்காமலே வந்து பார்த்தார். "தண்ணி"யும் இல்லை, "போதும்" என்பதும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் கரண்டியால் தட்டுகிறான். நடந்த எல்லாவற்றையும் அவன் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். விற்றதைச் சொன்னேன், ஏமாந்ததைச் சொன்னேன். ஒரு பொய்யைக் கேட்ட பிறகு சொல்லும் உண்மையை யார் கேட்பார்கள்? நான் அசலை வைத்துக்கொண்டு போலியைக் கொண்டுவந்து தன்னை ஏய்க்கப் பார்த்தேன் என்றே அவன் நினைக்கிறான். கட்டில் பக்கம் போனால் கண்ணை மூடிக்கொள்கிறான். நாற்பத்தொன்பது வருடத்தில் அவன் என்னிடம் முகம் கொடுக்காமல் இருந்தது கிடையாது. எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

நேற்று எனக்கு வார விடுமுறை. பொட்டலத்தில் இருந்த முகவரியைப் பிடித்து, இரண்டு பஸ் மாறி, காலை பதினொரு மணி வாக்கில் அங்கே போனேன். பழைய நாணயம், கடிகாரம், விளையாட்டுச் சாமான் விற்கும் சிறிய கடை, வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. கண்ணாடிப் பேழையில் இரண்டாம் தட்டில் பச்சை எஞ்சின் இருந்தது. விலைச்சீட்டு தொங்கியது. நான் விற்றதைப்போல மூன்று பங்கு.

எடுத்துக் காட்டச் சொன்னேன். வாங்க வந்தவள் என்று நினைத்துக் கொடுத்தார். கனம் சரியாக இருந்தது. புரட்டினேன். தகட்டில் எதுவுமே இல்லை. ஆனால் வெளிச்சத்தில் சாய்த்தால், நான் துடைத்த வளையம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. அது கறை எடுத்தவர் கண்ணுக்குத்தான் தெரியும். "இது என் தம்பி எஞ்சின்" என்றேன்.

"அப்படியா? உங்க தம்பி பேரு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க" என்றார் கடைக்காரர்.

"எழுதியிருந்துச்சு."

"இப்ப இருக்கா?"

அவர் எஞ்சினை வாங்கக் கை நீட்டினார். நான் விடவில்லை. அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். என் முழங்கை பேழையில் பட்டுக் கண்ணாடி உடைந்தது. அவர் உள்ளங்கை கிழிந்தது. எஞ்சின் கீழே விழுந்து முன்சக்கரம் ஒன்று கழன்றது. நான் ஓடவில்லை. சக்கரம் மேசைக்கடியில் உருண்டுவிட்டது, அதைத் தேடி எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் போலீசுக்குப் போன் செய்து நீங்கள் வந்தீர்கள். சக்கரத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன். அவர் கையைக் கிழிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கிழிந்தபோது எனக்கு வருத்தமும் இல்லை. இன்று காலையில் கட்டுடன் அவரைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

அந்தத் தேதியை மருந்து போட்டு மறுபடி வரவழைக்க முடியுமா என்று நீங்கள் கேட்டீர்கள். முடியாது. நான் எடுத்த கறை திரும்பி வராது. அதற்குத்தான் முப்பத்தோரு வருடமாக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். தேதி எனக்கு மனப்பாடம்தான். ஆனால் அதை நான் எழுதினால் என் கையெழுத்தாக இருக்கும். எழுதியவனுடைய வலது கை இப்போது போர்வைக்கு மேலே கிடக்கிறது, நான்தான் எடுத்து வைக்கிறேன்.

பறிமுதல் செய்த எஞ்சின் எங்களுடையதுதான் என்று அடையாளம் காட்ட என்னைத் தவிர யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டீர்கள். என் தம்பி ஒருவன் இருக்கிறான். உங்கள் ஆட்கள் எஞ்சினை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரலாம். அசல் என்று கனத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவன் புரட்டிப் பார்ப்பான். கட்டை விரலால் தடவுவான். அவனுக்கு இனிமேல் வாய் திறந்தால், என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவும் என் வாயால் நான் சொன்னவை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன், சரியாக இருக்கிறது. தம்பிக்கு மதிய மருந்து கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது, கீழ்வீட்டுக்காரரிடம் போனில் சொல்லியிருக்கிறேன் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். சேர்த்துவிட்டார்கள்.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்