கமுக்கத்துக்குப் பின்வாசல் கிடையாது

— அடுத்ததையும் படிக்கட்டுமா, இல்ல இதுக்கே மூஞ்சி தொங்கிடுச்சா?

— படிங்க அத்தை. என் மூஞ்சி எப்பவும் இருக்கிற மாதிரிதான் இருக்கு.

— இவரு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாம். நாலு ஸ்டார் குடுத்திருக்காரு. ‘கமுக்கம் ரொம்ப எளிமையா இருக்கு. ஃபைலை இழுத்து அந்தப் பெட்டி மேல போட்டா பாஸ்வேர்டு கேக்குது. அடிச்சதும் பூட்டிக்குது. என் மனைவிக்கே புரிஞ்சிடுச்சு.’ பாத்தியா, மனைவிக்கேயாம். அந்தம்மா இத மட்டும் படிச்சாங்கன்னா அவருக்கு ராத்திரி சோறு கிடையாது.

— அத்தை, கருத்த மட்டும் படிங்க. விளக்கவுரை வேண்டாம்.

— உரை இல்லாம எப்படிடி? ஆயுசுல பாதிய பாங்க் லாக்கர் ரூம்ல கழிச்சவ நான். ஒருத்தர் சாவிய நீட்டுற விதத்த வெச்சே அவங்க வீட்டு நிலவரத்தச் சொல்லிடுவேன். ரிட்டயராகி சிவனேன்னு உக்காந்திருந்தேன். ‘அத்தை, ஃபைலைப் பூட்டறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருக்கேன், ஜனங்க எழுதுறதுக்கெல்லாம் நீங்க பதில் போடுங்க’ன்னு இழுத்துட்டு வந்தது நீதானே? என்னை வேலைக்கு வெச்சா வாயும் கூடவே வரும்.

— சரி, வரட்டும். அந்த ஒரு ஸ்டார எதுக்குக் குறைச்சாராம்?

— எழுத்து பொடிப்பொடியா இருக்காம். கண்ணாடி போட்டும் தெரியலையாம். கொஞ்சம் பெருசாக்கிக் குடுத்துடேன், பாவம்.

— வேண்டாம் அத்தை. எழுத்து சின்னதா இருந்தாத்தான் பக்கத்துல நிக்கிறவங்க கண்ணுல படாது. அதுவும் ஒரு பாதுகாப்பு.

— அவர் கண்ணுக்கே படலையேடி.

— அப்ப ரொம்ப நல்ல பாதுகாப்பு.

— எம் பையனக் கட்டிக்கிட்டு வந்தப்ப இப்படியெல்லாம் பேச மாட்ட. அடுத்தது ஒரு ஸ்கூல் டீச்சர். கேள்வித்தாளையெல்லாம் நம்ம கமுக்கத்துலதான் பூட்டி வெக்கிறாங்களாம். அஞ்சு ஸ்டார். ஆனா பூட்டினதும் ஒரு சத்தம் வந்தா நல்லா இருக்கும்னு கேக்குறாங்க. நியாயந்தான். எங்க லாக்கர் ரூம்லயும் டொக்குனு விழுந்தாத்தான் ஜனங்களுக்கு மனசு ஆறும். விழுந்தப்புறமும் ரெண்டு தரம் இழுத்துப் பாத்துட்டுப் போவாங்க.

— கமுக்கம்னு பேரு வெச்சிட்டு டொக்குனு சத்தம் போட்டா ஆபீஸே திரும்பிப் பாக்கும். முடியாதுன்னு எழுதிடுங்க.

— உனக்கு என்னடி ஆச்சு? முன்னெல்லாம் கலர் பிடிக்கலைன்னு ஒருத்தர் எழுதினா மறுநாளே மாத்திக் குடுப்ப. இப்ப கொஞ்ச நாளா எதக் கேட்டாலும் கொள்கை, கொள்கைங்கிற.

— பக்குவம் வந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க.

— வந்தா சரி. இந்தா, இந்த ஆளப் பாரு. போட்டோ ஸ்டூடியோக்காரர். ஒரே ஒரு ஸ்டார், அதையும் பல்லக் கடிச்சிட்டுக் குடுத்திருக்காரு. ‘பூட்டி முடிச்சதும் அசல் ஃபைலைத் தடயமே இல்லாம அழிச்சிடுது. எந்த ஊரு நியாயம் இது?’

— அத மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன். நகைய லாக்கர்ல வெச்சிட்டு அதே நகைய வாசப்படியிலயும் வெச்சிட்டுப் போவாங்களா? பூட்டினா ஒண்ணுதான் இருக்கணும். உள்ள இருக்கிறது மட்டுந்தான்.

— இது சரி. இத அப்படியே எழுதிடறேன். நகை உதாரணம் என்னோடதுன்னு போட்டுக்கிறேன்.

— போட்டுக்கோங்க.

— இது ஒருத்தர், அஞ்சு ஸ்டார் குடுத்திட்டு உருகி உருகி எழுதியிருக்காரு. ரகசியமா கவிதை எழுதுவாராம். ‘என் கவிதைகளை இனி யாராலும் படிக்க முடியாது என்ற நிம்மதியோடு தூங்குகிறேன்.’ அதுக்கு எதுக்குக் கமுக்கம்? புஸ்தகமா போட்டாலே போதுமே.

— அத்தை, அவருக்கு இப்படிப் பதில் போட்டுத் தொலைக்காதீங்க.

— போன வாரமே போட்டாச்சு. கோவிச்சுக்கல, சிரிச்சு எழுதியிருக்காரு. நல்ல மனுஷன். சரி, சிரிப்ப நிறுத்து. மிச்சம் இருக்கிறது எல்லாமே ஒரே பாட்டுதான்.

— ‘பாஸ்வேர்டு மறந்துட்டேன்’ பொத்தானா?

— அதேதான். எல்லாரும் கேக்குறாங்க. ஒரு பெரியவரு எழுதியிருந்தாரு பாரு, எனக்கு மனசே கேக்கல. அவர் பொண்ணு குழந்தையா இருந்தப்ப எடுத்த போட்டோ எல்லாத்தையும் உள்ள போட்டுப் பூட்டிட்டாரு. பாஸ்வேர்டு மறந்துடுச்சு. பொண்ணு எங்கயோ தூரத்துல இருக்காளாம், பாத்து நாளாச்சாம். நான் அத ரெண்டு தரம் படிச்சேன்.

— என்ன பதில் போட்டீங்க?

— வேற என்ன போடறது? ‘ஐயா, உங்களுக்குக் கோவம் வந்தா மனசுக்குள்ள யாரத் திட்டுவீங்க? அவங்க பேரப் போட்டுப் பாருங்க’ன்னேன். தொறந்துகிச்சு. மச்சினன் பேரு.

— அத்தை, உங்களுக்கு நான் சம்பளம் குடுக்கணும்.

— டாக்டர் நம்ம கமுக்கத்த வாங்கிட்டாருன்னா குடு. இப்ப போன் பண்ணுவாரு. இத்தனை கிளினிக் வெச்சிருக்காரு, எல்லா கம்ப்யூட்டர்லயும் நம்மளோடதப் போடறேங்கிறாரு. நீயும் இப்ப வேலை பாக்குற அந்த ஆபீஸுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வெளிய வந்துடலாம். ஞாயித்துக்கிழமை கூட நீ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எட்டுத் தரம் கூப்பிடறானே உம் மேனேஜர், அவன் குரலக் கேக்காம ஒரு காலைச் சாப்பாடு சாப்பிட மாட்டோமான்னு இருக்கு எனக்கு.

— எனக்கு இல்லையா அத்தை? தெனம் பஸ்ல போறப்ப அதத்தான் நினைச்சுக்கிட்டே போறேன். இத ஒண்ண மட்டும் பாத்துக்கிட்டு வீட்டுல இருந்தா எப்படி இருக்கும்னு.

— அப்ப டாக்டர் கேக்குற அந்த ஒரு பொத்தான வெச்சுக் குடுத்துடு. மறந்தவங்க அமுக்கினா தொறக்கணும், அவ்வளவுதானே? எங்க பாங்க்லயே சாவி தொலைஞ்சா ஆள வரச்சொல்லி லாக்கரத் துளை போட்டுத் தொறப்போம். பாங்க்கே தொறக்குது, நீ என்ன பாங்க்க விடப் பெரிய ஆளா?

— துளை போடறப்ப யார் யார் நிப்பாங்க?

— மேனேஜர் நிப்பாரு, நான் நிப்பேன், லாக்கர்க்காரரு நிப்பாரு, சாட்சிக்கு ரெண்டு பேரு நிப்பாங்க.

— என் பொத்தான் பக்கத்துல யாருமே நிக்க மாட்டாங்க அத்தை. மறந்தவனும் அமுக்குவான், திருடனும் அமுக்குவான். அதுக்கு ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது. இத எழுதின எனக்குன்னு ஒரு வழி வெச்சிருந்தா, எங்கிட்ட வந்து மிரட்டியே தொறந்துக்கலாம். என்னாலயே தொறக்க முடியாதுன்னு இருந்தாத்தான் அது பூட்டு.

— இப்பத்தான் ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருது.

— என்ன விஷயம் அத்தை?

— ஒரு பெரிய மனுஷன், அவன் தம்பி லாக்கர் சாவிய எப்படியோ எடுத்துக்கிட்டு, தொறந்து காட்டுன்னு வந்து நின்னான். எங்க மேனேஜரே எழுந்திரிச்சு நின்னு, ‘ஒரு நிமிஷந்தான், தொறந்து விடும்மா’ன்னாரு. மாட்டேன்னுட்டேன். அந்தத் தம்பி அப்புறம் வந்து, என்னைப் பாத்துக் கும்பிட்டான் பாரு, அத இன்னும் மறக்கல. நீ சொல்றதும் அதான். எனக்குத்தான் புத்தி மழுங்கிடுச்சு.

— அய்யோ, அப்படியெல்லாம் இல்ல அத்தை.

— சும்மா இரு. உன்னைப் பாத்தா பெருமையா இருக்கு. எனக்கு ஒரு பொண்ணு இருந்திருந்தா கூட இப்படி வந்திருப்பாளோ என்னமோ.

— அத்தை, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— அப்புறம் சொல்லு, போன் அடிக்குது. நானே பேசறேன். ஸ்பீக்கர்ல போடு. வணக்கம் டாக்டர்.

— ரைட்டு, வணக்கம்மா. பேஷண்ட் வெளிய உக்காந்திருக்காங்க, சுருக்கமா கேக்குறேன். அந்தப் பொத்தான் ரெடியா?

— கிடையாது டாக்டர்.

— இன்னும் முடியலையா?

— முடியாதுங்கிறேன். வெக்க மாட்டோம். என் மருமகளாலயே தொறக்க முடியாது, அதனாலதான் அது பூட்டு. உங்ககிட்ட வர்றவங்க பெத்தவங்ககிட்ட கூடச் சொல்லாதத உங்ககிட்ட வந்து சொல்றாங்க. அத ஒரு பொத்தான நம்பி விடலாமா? உங்களுக்குச் சரிப்படலைன்னா வேற இடம் பாத்துக்கோங்க. எங்களுக்கு வருத்தந்தான். இருந்தாலும் பரவால்ல.

— ரைட்டு.

— கோவம் வேண்டாம் டாக்டர்.

— கோவமெல்லாம் இல்லம்மா. இன்னும் மூணு பேருகிட்டயும் இதையே கேட்டேன். கேட்டு முடிக்கிறதுக்குள்ள வெச்சுத் தரோம்னாங்க. எங்க கிளினிக்லயே வேலை பாத்த ஒருத்தர், வைத்தியத்துக்கு வந்த ஒரு பொண்ணோட ரிப்போர்ட்ட வெளிய விட்டுட்டாரு, அந்தப் பொண்ணு கல்யாணமே நின்னுபோச்சு. அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் சரியில்ல. அதனாலதான் இப்படிக் கேட்டுப் பாக்குறேன். மாட்டேன்னு சொன்னது நீங்க மட்டுந்தான். உங்களோடதையே எடுத்துக்கறேன்.

— டாக்டர், உங்க வாய்க்குச் சக்கரை போடணும். கேட்டியாடி?

— ரொம்ப நன்றி டாக்டர்.

— ரைட்டு. ஒரு சின்ன விஷயம். தொறந்ததும் மேல எங்க கிளினிக் பேரு வரணும். வேற எந்த மாத்தமும் வேண்டாம், பேரு மட்டும். திங்கக்கிழமை காலையில எல்லாத்துலயும் ஏத்திடலாம்.

— பேரு தானே? இன்னிக்கு சாயங்காலமே அனுப்பி வெக்கிறோம். அவ கை வெச்சா அஞ்சு நிமிஷ வேலை. நீங்க பேஷண்ட்டப் பாருங்க.

— ரைட்டு. வெச்சிடறேன்.

— பாத்தியா? நேர்மையா பேசினா வேலை நடக்குது. ஏண்டி, சந்தோஷத்துல கண்ணெல்லாம் கலங்கிடுச்சா? வா, உக்காரு, அந்தப் பேரப் போட்டுடு. அப்புறம் உம் மேனேஜருக்குப் போன் போட்டுக் குடு, நான் ரெண்டு வார்த்தை பேசறேன்.

— அத்தை, மேனேஜருக்கு இப்போதைக்குப் போன் போட வேண்டாம்.

— ஏன்? பயமா?

— பேரு போடணும்னா நான் கமுக்கத்த எழுதின அசல் ஃபைலைத் தொறந்து மாத்தணும். எழுத்தப் பெருசாக்கணும்னாலும், சத்தம் வெக்கணும்னாலும், எதுக்குமே அதுதான் வேணும்.

— அதான் தெரியுமே, தொற.

— யாரும் திருடிடக் கூடாதுன்னு போன மாசம் அத கமுக்கத்துலயே போட்டுப் பூட்டினேன், அத்தை. பாஸ்வேர்டு மறந்துபோச்சு.