கார்கோவில் வந்த இரண்டாவது பெட்டி

“வண்டியில எத்தினி பேரு பாய்?” என்று கேட்டார் அலெக்ஸ்.

“ரெண்டே பேரு. நானும் வீட்லயும்.”

“அப்படித்தான் சொல்றாங்க எல்லாரும். அப்புறம் பதினாலு பேரு ஏறிக்கினு வர்றாங்க. போன மாசம் ஒரு ஆட்டுக்குட்டி வேற.”

“இந்த வாட்டி ரெண்டு பேருதான்” என்றேன்.

திண்டிவனத்தில் படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் வாடகைக்கு விடுபவர் அலெக்ஸ். அவரிடம் நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். பெயர் யாஹ்யா. கல்யாணமாகிப் பதினோரு வருடம், அதில் பத்து வருடம் துபாயில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. அந்த நாற்பது நாளும் என் மனைவி அஸ்ஃபியாவை நான் பார்ப்பது, ஒன்பது பேர் தலைகளுக்கு நடுவே.

ஒன்பது பேர் என்றால், என் அம்மா மஹபூப் பீவி, முத்து முகம்மது மாமா, இரண்டு அக்காமார், அவர்கள் வீட்டார். லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. அந்தச் சனி, ஞாயிறில் மரக்காணம் கடற்கரையில் ஒரு தென்னந்தோப்பில் வேனை நிறுத்தி, அவளோடு தனியாக இருக்க நினைத்தேன். செய்தி தெரிந்த அன்றே மாமா முன் சீட்டு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். அம்மா புளிச்சோற்றுக்குப் புளி ஊறப்போட்டார்.

எனவே ஒரு பெட்டி தயார் செய்தேன்.

எங்கள் ஊரில், வெளிநாட்டிலிருந்து வந்தவன் தன் கையால் பெட்டி பிரிக்கும்வரை சொந்தக்காரர்கள் நகரமாட்டார்கள். முதல் பெட்டியை வந்த அன்றே பிரித்தாயிற்று. கப்பலில் போட்ட இரண்டாவது பெட்டி இப்போதுதான் வந்தது என்றேன். பழுப்பு டேப், நைலான் கயிறு, மார்க்கரில் என் பெயர். எல்லாம் அலெக்ஸின் கொட்டகையில் செய்தது. உள்ளே எட்டுச் செங்கல். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றினேன், குலுக்கினால் சத்தம் வரக்கூடாதல்லவா. துணியில் கொஞ்சம் அத்தரும் தெளித்தேன். வாசனை கசிந்தால் நம்பிக்கை வரும்.

பிறகு ஒன்பது பேரிடமும் தனித்தனியாக, “உங்களுக்கு மட்டும் உள்ள ஒண்ணு வெச்சிருக்கேன், யாருக்கும் சொல்லாதீங்க, திங்கக்கிழமை வந்து பிரிக்கிறேன்” என்றேன். அதன் பிறகு ஒருவரை நம்பி ஒருவர் எழுந்து போகவில்லை. அம்மா பெட்டியில் தலை வைத்துப் படுத்தார். மாமா முட்டி வலி மாத்திரை வாங்கக்கூடத் தெருவில் இறங்கவில்லை. அவருக்கு எழுபத்து நாலு வயது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

சனிக்கிழமை மிக நன்றாகப் போனது. பதினோரு வருடப் பேச்சையும் பேசினேன். அஸ்ஃபியா அலையைப் பார்க்கப் போனாள், கூடவே போனேன். தோப்புக்குள் நடந்தாள், கூடவே நடந்தேன். “செத்த படுத்துத் தூங்குங்களேன்” என்றாள். என் உடம்பின்மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை. தூங்கவில்லை.

ஞாயிறு காலை நான் செய்த ஒரே தப்பு, வேனைப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டது. பின்னால் தோப்பின் பெயர்ப்பலகை இருந்தது. பத்தரை மணிக்கு ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. ஒன்பது பேர், நடுவில் பெட்டி.

“பெட்டிய உட்டுட்டு வர மனசு வரல. அதான் ஏத்திக்கினு வந்துட்டோம்” என்றார் மாமா. “இங்கியே பிரிச்சிடு. காத்து நல்லா வருது.”

கை வலிக்கிறது என்றேன். பெரியக்கா அரிவாள்மணை கொண்டுவந்திருந்தாள்.

எட்டும் வரிசையாக மணலில் வந்தன. மாமா ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்து, “எந்த சூளைடா? நல்லா வெந்திருக்குது” என்றார்.

அம்மா இரண்டு தடவை எண்ணினார். “நாம ஒம்போது பேரு. எட்டுதான் வெச்சிருக்கான், பாரு.”

அங்கேயே ஒப்புக்கொண்டேன். நான்தான் செய்தேன், அஸ்ஃபியாவுக்காகச் செய்தேன், கட்டின நாள் முதலாக என்னோடு தனியாக இருக்க அவள் ஏங்கினாள் என்றேன். அம்மாவுக்குக் கண் கலங்கியது. சின்னக்கா அஸ்ஃபியாவைப் பார்த்து, “வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல புள்ள?” என்றாள்.

அஸ்ஃபியா வேன் கதவைப் பிடித்தபடி நின்றாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

“கேக்கணும்னு பதினோரு வருசமா நெனச்சிக்கினுதான் இருக்கேன் மாமி” என்றாள், அம்மாவிடம். “நாளைக்குக் காலம்பர வரைக்கும் நான் இந்த வண்டியில இருக்கட்டுமா? இவரையும் கூட்டிக்கினு போயிடுங்க.”